கேட்காமல் போட்ட 42 செகண்ட்

போன வருஷம் கார்த்திகை மாசம் நீங்க ராயக்கோட்டை பக்கம் போயிருந்தா என் குரலைக் கேட்டிருப்பீங்க. ஒரு குட்டியானை வண்டி, மேல ரெண்டு குழாய் ஸ்பீக்கர், அதுக்குள்ளேருந்து நான்தான்: "விவசாயப் பெருமக்களே! தக்காளி நாத்து, கத்திரி நாத்து, முட்டைகோஸ் நாத்து... குழித்தட்டுல வளர்த்த தரமான நாத்து!" பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவ நான். ஸ்கூல்ல தமிழ்ல பேசினா ஃபைன் உண்டு. அந்தப் பொண்ணு ஊர் ஊரா நாத்து வித்துக்கிட்டு போறதை எங்க அத்தை கடை வாசல்ல நின்னு கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

இது எங்க மாமாவோட ரெக்கார்டிங் ஸ்டுடியோவைப் பத்தின கட்டுரை. நடுவுல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தியும் சொல்லணும். அந்தத் தப்புல உங்கள்ல சில பேருக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு. அதனாலதான் இதை வேற எங்கேயும் எழுதாம நம்ம மின்னிதழுக்கு எழுதறேன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க, எடிட்டர் திருத்தினது போக மிச்சம் இருக்கறது என்னோடது.

ராயக்கோட்டை தெரியாதவங்களுக்காக: ஓசூர்லேருந்து தர்மபுரி போற ரயில் பாதையில வர்ற ஊர். மலை மேல ஒரு கோட்டை இருக்கு. மைசூர்ப் போர் நடந்தப்போ, 1791ல, இங்கிலீஷ்காரங்க திப்புகிட்டேருந்து பிடிச்சது. கீழே தக்காளி மண்டி. வெளியூர்க்காரங்களுக்கு கோட்டையைவிட மண்டியைத்தான் நல்லாத் தெரியும். வீட்டுக்கு ஒருத்தராவது ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போவாங்க. டீக்கடையில ஒருத்தர் தமிழ்ல கேப்பார், கடைக்காரர் தெலுங்குல பதில் சொல்வார், பக்கத்துல இருக்கறவர் கன்னடத்துல குறுக்கே பேசுவார். யாருக்கும் இது அதிசயம் கிடையாது.

மாமா மைக் செட்காரர். தாத்தா காலத்துலேருந்தே சவுண்ட் சர்வீஸ்தான். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, எருது விடும் விழான்னு வருஷத்துல எட்டு மாசம் ஏதாவது ஒரு பந்தல்ல எங்க குழாய் ஸ்பீக்கர் கத்திக்கிட்டு இருக்கும். 2020ல எல்லாம் நின்னுபோச்சு. திருவிழா இல்லை, கல்யாணத்துக்கு அம்பது பேருக்கு மேல கூடாது, அம்பது பேருக்கு எதுக்கு மைக்? ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கோடவுன்ல பிளாஸ்டிக் கவர் போட்டுத் தூங்குச்சு. மாமா ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல சேர்ந்தார். ரெண்டு வருஷம் கழிச்சு ஒருநாள் சாப்பிடும்போது திடீர்னு சொன்னார்: "மேல ரூம் சும்மாதானே கெடக்கு. ரெக்கார்டிங் போட்டுடலாமா?" அத்தை ஒண்ணும் பேசல. மறுநாள் வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. கூட்டுறவு பேங்க்ல நகைக்கடன்.

இந்தக் காட்சி எனக்கு எங்கேயோ படிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஏ.ஆர். ரஹ்மான். அவர் அப்பா ஆர்.கே. சேகர் 1976ல இறந்தப்போ ரஹ்மானுக்கு ஒன்பது வயசு. அப்பா விட்டுட்டுப் போன இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடுச்சு. அதாவது, அவங்களும் ஒரு வகையில வாடகை செட்காரங்கதான். 1989ல கோடம்பாக்கம் வீட்டுக்குப் பின்னாடி பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோ வந்துச்சு. முதல்ல அந்த அறையில ஒரு ஏசி, ஒரு அலமாரி, தரையில கார்ப்பெட், அவ்வளவுதானாம். கருவி வாங்கக் காசில்லை. அவங்க அம்மா நகையை அடகு வெச்சுத்தான் முதல் ரெக்கார்டர் உள்ளே வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார்.

நாம எல்லாரும் அந்தக் கதையை 1992 ரோஜாவிலேருந்துதான் ஆரம்பிப்போம். எனக்கு வேற ஒரு கேள்வி. அந்த அறை 1989லேருந்து 1992 வரைக்கும் கரண்ட் பில் எப்படிக் கட்டுச்சு? விளம்பரப் பாட்டு. 1987ல ஆல்வின் வாட்ச் விளம்பரத்துல ஆரம்பிச்சு நூத்துக்கணக்குல ஜிங்கிள் பண்ணியிருக்கார். முப்பது செகண்டுல காப்பி, முப்பது செகண்டுல கடிகாரம். மணிரத்னத்துக்கு அறிமுகம் ஆனதும் விளம்பரப் படம் எடுக்கறவங்க மூலமாத்தான். (வாட்ச்னு சொன்னதும் ஒண்ணு: நம்ம ஓசூர்ல ஃபேக்டரி வெச்ச டைட்டனோட விளம்பர இசை மொசார்ட்டோட 25ஆவது சிம்பொனியிலேருந்து எடுத்தது. சிப்காட்ல வேலை செய்யற பாதிப் பேருக்கு இது தெரியாது.)

இதெல்லாம் எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி ரூம்.

மாடியில இருந்த ரூம் பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி. நீங்க இசிஇ படிச்சிருந்தா இப்பவே தலையில கை வெச்சிருப்பீங்க. மூணு பக்கமும் ஒரே அளவு. சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். பத்தடின்னா 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவருக்கு நடுவுல சத்தம் மோதி நிக்கற முதல் அதிர்வெண் 343ஐ 6.1ஆல வகுத்தா வர்ற 56 ஹெர்ட்ஸ். அடுத்தது 112, அதுக்கு அடுத்தது 168. சாதாரண ரூம்ல நீளத்துக்கு ஒண்ணு, அகலத்துக்கு ஒண்ணு, உயரத்துக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சு போயிடும். எங்க ரூம்ல மூணும் ஒரே இடத்துல வந்து உக்காந்துக்குச்சு. ஆம்பளைங்க பேசற குரலோட அடித்தளம் நூறுலேருந்து நூத்தம்பது ஹெர்ட்ஸ் வாக்குல இருக்கும். அதனால மாமா "ஹலோ மைக் டெஸ்டிங்"னு சொன்னா குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி வந்துச்சு.

மாமா யூடியூப் பாத்துட்டு முட்டை அட்டை ஒட்டலாம்னார். நூத்தம்பது அட்டை வாங்கிட்டும் வந்துட்டார். முட்டை அட்டை உயர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் உறிஞ்சும், கீழே இருக்கறதை ஒண்ணும் பண்ணாது, பத்திக்கிட்டா எரியும்னு சொன்னா கேக்க மாட்டேங்கறார். "படிச்ச திமிரு"ன்னார். ஒட்டினோம். குடம் அப்படியே இருந்துச்சு, உள்ளே அட்டை மட்டும் போட்ட குடம். அப்புறம் மூலைகள்ல பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினோம். ஓசூர்ல ராக்வூல் வாங்கி மரச்சட்டத்துல அடிச்சு, மேல துணி போத்தி, சுவரை விட்டு நாலு இன்ச் தள்ளி மாட்டினோம். 56 ஹெர்ட்ஸை முழுசா உறிஞ்சணும்னா அஞ்சடி தடிமன் வேணும், அப்புறம் ஆள் நிக்க இடமிருக்காது. அதனால மைக்கை நட்ட நடுவுலயும் வைக்காம, சுவரோரமும் வைக்காம, மூணுல ஒரு பங்கு தள்ளி வெச்சோம். பாதிப் பிரச்சினை அதுலயே தீர்ந்துச்சு. அந்த நூத்தம்பது அட்டையை அத்தை முட்டைக் கடைக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க.

ரயிலுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. ஹாரன் அடிச்சா எந்தச் சுவரும் தாங்காது. விடியற்காலையில மண்டிக்கு வர்ற லாரி வேற. சுவத்துல ரயில் டைம் எழுதி ஒட்டியிருக்கோம். பாடறவங்க நடுவுல நிறுத்திட்டு மணி பாப்பாங்க.

இப்போ மார்க்கெட்டிங். "உனக்கு இங்கிலீஷ் தெரியும், இன்ஸ்டா தெரியும், நீ பாத்துக்கோ பாப்பா"ன்னு மாமா என்கிட்ட விட்டார். நான் பண்ணினதைச் சொல்ல வெக்கமா இருக்கு. கறுப்பு பேக்ரவுண்ட், ஊதா நியான் எழுத்து, இங்கிலீஷ்ல பேரு. "உங்க ஸ்லாட்டை புக் பண்ணுங்க"ன்னு இங்கிலீஷ்ல. தனிப் பாட்டு போடற ஆர்ட்டிஸ்ட்டுங்க எல்லாம் பெங்களூர்லேருந்து ரயிலேறி வருவாங்கன்னு நெனச்சேன். பில்லி ஐலிஷ் ஆல்பத்தை அவங்க அண்ணன் வீட்டு பெட்ரூம்லயே பண்ணி 2020ல கிராமி வாங்கினாங்கன்னு ஒரு போஸ்ட் வேற. லைக் 212. அதுல 190 நம்ம டிபார்ட்மென்ட். மூணு மாசத்துல காசு குடுத்து வந்தது ஒரே ஒருத்தர், நம்ம காலேஜ்தான், காதலிக்குப் பிறந்தநாள் பாட்டு, அதுவும் பாதி ரேட். (பேரைச் சொல்ல மாட்டேன். பிரேக்கப் ஆயிடுச்சு.)

நாலாவது மாசம் நாத்துப் பண்ணைக்காரர் ஒருத்தர் மாமாவைத் தேடி வந்தார். மைக் செட்டுக்காக வந்தவர்தான். "மேல ஏதோ ரெக்கார்டிங்னாங்களே, வண்டிக்கு ஒரு விளம்பரம் பேசிக் குடுப்பீங்களா? தமிழ்ல, தெலுங்குல, கன்னடத்துல." மாமா என்னைப் பாத்தார். நான் எழுதினேன். முதல் டிராஃப்ட்ல "உயர்தர காய்கறி நாற்றுகள் இங்கு கிடைக்கப்பெறும்"னு எழுதியிருந்தேன். படிச்சுட்டு அவர் கேட்டார், "ஏம்மா, இது கவர்மென்ட் நோட்டீஸா?" உக்காந்து அவர் வாயால சொல்லச் சொல்ல மாத்தி எழுதினேன். என் வாழ்க்கையில நான் எழுதின முதல் உருப்படியான தமிழ் அதுதான்னு நெனைக்கறேன். தெலுங்குக்குப் பக்கத்து வீட்டு அக்கா. கன்னடத்துக்கு கோலார்லேருந்து வந்து படிக்கற என் ரூம்மேட்.

அதுலயும் ஒரு பாடம் கத்துக்கிட்டேன். ஹெட்போன்ல கேட்டு அழகா மிக்ஸ் பண்ணிக் குடுத்தேன், அடியில மெதுவா பேஸ் எல்லாம் வெச்சு. வண்டியில போட்டா ஒண்ணுமே புரியல. குழாய் ஸ்பீக்கர்ல கீழ்ச்சத்தம் வரவே வராது, வீணா ஆம்ப்ளிஃபயரைத்தான் திணறடிக்கும். மாமா வந்து முன்னூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாத்தையும் வெட்டு, பின்னணி இசையைத் தூக்கு, ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் விடு, வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்னார். முப்பது வருஷம் பந்தல்ல நின்ன காது. நான் அட்டையை வெச்சு அவரைக் கிண்டல் பண்ணினதுக்கு அவர் பதில் சொன்ன மாதிரி இருந்துச்சு.

மூணு மொழிக்கும் சேத்து எண்ணூறு ரூபாய். அந்த வண்டி நாப்பது ஊரு சுத்துச்சு, நாப்பது ஊர்லயும் யாரோ ஒருத்தர் "இது எங்க பண்ணினது"ன்னு டிரைவரைக் கேட்டிருக்காங்க. அடுத்த மாசமே ஒன்பது விளம்பரம். ஜவுளிக்கடை, மாம்பழ மண்டி, டியூஷன் சென்டர். கண்ணீர் அஞ்சலி அறிவிப்பு, ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுவாங்க. எருதுக்குப் பாட்டு, ஆமாம், எருது பேர் சொல்லி, அது வாங்கின பரிசு எல்லாம் சொல்லி, பின்னாடி பம்பை அடிச்சு ஒரு பாட்டு. பசங்க அதுக்கு ஐயாயிரம்கூட யோசிக்காம குடுப்பாங்க. இன்ஸ்டாவைப் பாத்து வந்தவங்க இவங்கள்ல ஒருத்தர்கூடக் கிடையாது.

மெம்பிஸ்ல சாம் பிலிப்ஸ்னு ஒருத்தர் 1950 ஜனவரியில சின்னதா ஒரு ஸ்டுடியோ திறந்தார். எதை வேணா, எங்க வேணா, எப்ப வேணா ரெக்கார்ட் பண்ணுவோம்கறதுதான் அவர் விளம்பரம். கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போனார். முதல் ஒண்ணரை வருஷம் ரேடியோ வேலையையும் விடல. காசு குடுத்தா யார் வேணா வந்து தன் குரலைப் பதிஞ்சு ஒரு தட்டு எடுத்துக்கிட்டுப் போகலாம். 1953ல பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் நாலு டாலர் வாக்குல குடுத்துப் பாடிட்டுப் போனான். எல்விஸ் பிரெஸ்லி. நான் சொல்ல வர்றது எல்விஸ் இல்லை. ஆபீஸ்ல இருந்த மேரியன் கெய்ஸ்கர்ங்கற அம்மா அவன் பேரை ஒரு குறிப்போட எழுதி வெச்சாங்க பாருங்க, அது. எங்க ஸ்டுடியோவுலயும் இப்போ ஒரு அறுபது பக்க நோட்டு இருக்கு. வந்தவங்க பேரு, ஊரு, எதுக்கு வந்தாங்க, யார் சொல்லி வந்தாங்க. கடைசிக் காலம்தான் எங்க மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட்.

அந்த நோட்டுல நாப்பத்தி ஏழாவது பேரு கூத்து வாத்தியார்.

எங்க பக்கம் தெருக்கூத்து இன்னும் உயிரோட இருக்கு. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெப்பாங்க. பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. கடைசியில படுகளம். மண்ணுல மலை மாதிரி துரியோதனனைப் படுக்க வெச்சு உருவம் பண்ணுவாங்க. பீமன் தொடையில அடிப்பான். துரியோதனன் பொண்டாட்டி வேஷம் கட்டினவர் அந்த உருவத்தைச் சுத்திச் சுத்தி ஒப்பாரி வெப்பார். வாத்தியார் நாப்பது வருஷமா அந்த வேஷம் கட்டறவர். வயசு எழுபதைத் தாண்டிடுச்சு, கீழ்ப்பல் நாலு இல்லை. அவருக்கு ஆல்பமெல்லாம் வேணாம். பேரன் ஓசூர்ல ஒரு கம்பெனியில மூணு ஷிஃப்ட் வேலை. கூத்து கத்துக்க ஆசை, ஆனா உக்கார நேரமில்லை. "பஸ்ல போய்வர்றப்ப காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பான். பாடம் பாடமா பாடிக் குடுத்துடறேன், பெண்டிரைவ்ல போட்டுக் குடும்மா." ஸ்டுடியோ ஆரம்பிச்சப்போ நான் எழுதின பிசினஸ் பிளான்ல இப்படி ஒரு கஸ்டமர் கிடையாது.

மூணு ராத்திரி பதிவு பண்ணினோம். ஹார்மோனியம், மத்தளம், தாளம், அவர் குரல். மூணாவது ராத்திரி கடைசியாத்தான் அந்த ஒப்பாரி. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுந்து செருப்பை ரூமுக்கு வெளியே விட்டுட்டு வந்தார். ஏற்கெனவே வெளியேதான் விட்டிருந்தார், கதவுக்குப் பக்கத்துல. அதை இன்னும் தள்ளிப் படிக்கட்டுல வெச்சுட்டு வந்தார். நான் அதைப் பாத்தேன். பாத்தும் எனக்கு ஒண்ணும் தோணல. பாடி முடிச்சதும் மத்தளக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நான் ஹெட்போனுக்குள்ள மயிர்க்கூச்செறிஞ்சு உக்காந்திருந்தேன். என் தலைக்குள்ள ஓடினது ஒண்ணே ஒண்ணுதான்: கன்டென்ட்.

அன்னைக்கு ராத்திரியே 42 செகண்ட் வெட்டி ரீல் போட்டேன். வேவ்ஃபார்ம் அனிமேஷன், ரெண்டு நெருப்பு எமோஜி, "புல்லரிக்குதா? இங்கே ரெக்கார்ட் பண்ணினதுதான்". மாமாகிட்ட கேக்கல. வாத்தியார்கிட்ட கேக்கணும்கற நெனப்பே வரல.

இப்போ உங்களுக்கு ஞாபகம் வரலாம். அஞ்சாவது செமஸ்டர் ரிசல்ட் அன்னைக்கு ஒரு மீம் சுத்துச்சு. அரியர் லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட், அதுக்குப் பின்னாடி ஒருத்தர் நெஞ்சை அறுக்கற மாதிரி ஒப்பாரி வெப்பார். நீங்க சிரிச்சிருப்பீங்க, ஷேர் பண்ணியிருப்பீங்க. நம்ம ஹாஸ்டல்ல யாராவது சோறு தீர்ந்துபோச்சுன்னாகூட அந்த ராகத்துல இழுப்பாங்க. அந்தக் குரல் அவருடையது. முதல்ல எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்கறதையும் சொல்லிடணும். மூணே நாள்ல எங்க பக்கத்துக்கு நாலாயிரம் ஃபாலோயர்.

அடுத்த வாரம் வாத்தியார் வந்தார். மேலே வரல, கீழே கோடவுன்லயே நின்னார். அவர் ஊர்ல கூட்டம் போட்டுக் கேட்டிருக்காங்க. படுகளத்துல பாடறதைப் பசங்க பரீட்சையில ஃபெயிலானதுக்குப் பாட வெச்சிருக்கியே, சாமி காரியத்தைக் காசுக்கு வித்துட்டியான்னு. அடுத்த பாரதத்துக்கு வேற செட்டைக் கூப்பிடலாமான்னு பேச்சு வந்திருக்கு. இதெல்லாம் அவர் மாமாகிட்டதான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. போகும்போது மட்டும், "என் பேரன் வயசுதான் இருக்கும் உனக்கு"ன்னார்.

ரீலை அழிச்சேன். அழிச்சு என்ன, அதுக்குள்ள டவுன்லோட் ஆகி வாட்ஸ்அப்ல ஊரெல்லாம் போயாச்சு. நோட்டுல கடைசிக் காலம்தான் மார்க்கெட்டிங்னு சொன்னேன் இல்லையா, அது ரெண்டு பக்கமும் வேலை செய்யும். அந்த மாசம் கோயில் சம்பந்தப்பட்ட ஒருத்தர்கூட வரல. ரெண்டு ஊர் மைக் செட் ஆர்டரும் கைவிட்டுப் போச்சு. அத்தை வளையலுக்கு வட்டி கட்டற தேதி வேற. மாமா என்னைத் திட்டல, ஒரு வாரம் பேசவே இல்லை. பேசினப்போ கேட்டது ஒரே கேள்வி: "அவர் காசு குடுத்துப் பதிஞ்சது. அது யாருது?"

எனக்குப் பதில் தெரியல. எஞ்சினியரிங்ல யாரும் சொல்லித் தர்றதில்லை. தேடிப் படிச்சேன். நம்ம நாட்டு 1957ஆம் வருஷத்து காப்பிரைட் சட்டப்படி ஒலிப்பதிவோட உரிமை தயாரிப்பாளருக்கு. தயாரிப்பாளர்னா யாரு? அந்தப் பதிவைச் செய்யணும்னு முன்னெடுத்துப் பொறுப்பு ஏத்துக்கறவங்க. பட்டனை அமுக்கினவங்க கிடையாது, ரூமுக்குச் சொந்தக்காரங்களும் கிடையாது. எண்ணூறு ரூபாய் குடுத்த நாத்துக்காரர் அவர் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர். பெண்டிரைவ் கேட்டு வந்த வாத்தியார் அவர் பாடத்துக்குத் தயாரிப்பாளர். வெளியான பதிவுக்கு அந்த உரிமை அறுபது வருஷம். இது போகப் பாடினவர்ங்கற முறையில நிகழ்த்துநர் உரிமை தனியா அம்பது வருஷம். அவர் சம்மதம் இல்லாம பொதுவுல போட முடியாது. நான் ரெண்டு வகையிலயும் அவர் சொத்தை எடுத்துட்டேன். நாலாயிரம் ஃபாலோயரும் அவர் காசுல வாங்கினது.

அத்தையும் நானும் தட்டுல வெத்தலை பாக்கு பழம் வெச்சுக்கிட்டு பஸ் ஏறிப் போனோம். மன்னிப்பு கேட்டேன். அவர் தட்டை வாங்கல. "என்கிட்ட கேட்டு என்ன ஆவுது. ஊர்ல வந்து சொல்லும்மா, நான் விக்கலைன்னு." கோயில் திண்ணையில பதினஞ்சு பேர். நான் குடுத்த எந்த வைவாவும் அதுக்கு ஈடாகாது. ரீல்னா என்ன, மீம்னா என்ன, அவருக்குத் தெரியாம நான் எப்படிப் போட்டேன், காசு ஏதும் வரல, எல்லாத்தையும் தமிழ்ல சொல்லணும். நடுவுல எனக்குத் தெரியாமலே "ஆக்சுவலி, ஆக்சுவலி"ன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு பெரியவர் கடைசியில கேட்டார்: "நீ யார் வூட்டுப் பொண்ணு?" தாத்தா பேரைச் சொன்னேன். அவர்தான் அந்தக் கோயிலுக்கு முதல்முதல்ல மைக் கட்டினவராம், எனக்கே தெரியாது. அபராதம் போட்டாங்க. இந்த வருஷப் படுகளத்தன்னைக்கு மைக் செட் எங்க செலவு.

அதனால சித்திரையில நானும் போனேன், ஒயர் இழுக்க. ராத்திரி முழுக்கத் தூங்காத கூட்டம். விடிஞ்சும் விடியாமலும் இருக்கற வெளிச்சத்துல மண்ணுல அவ்வளவு பெரிய உடம்பு, சுத்தி ஊரே நிக்குது. வாத்தியார் சேலை கட்டி, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்தார். நான் வெட்டின 42 செகண்ட் அதுல எங்க வந்துச்சுன்னே எனக்குத் தெரியல. அவ்வளவு நேரம் போச்சு. ஒரு கிழவி எனக்குப் பக்கத்துல உக்காந்து, அவர் பாடப் பாட, இறந்துபோன தன் வீட்டுக்காரரைச் சொல்லி அழுதுக்கிட்டு இருந்தாங்க. நாலஞ்சு பொம்பளைங்க அப்படி அழுதாங்க.

அங்கேயும் பத்துப் பேர் போன்ல எடுத்துக்கிட்டுதான் இருந்தாங்க. அது என்னை உறுத்துச்சு. எல்லாம் முடிஞ்சு, மேக்கப் கலைக்கறப்போ வாத்தியாரைக் கேட்டேன், "இவங்க எடுக்கறது பரவாயில்லையா தாத்தா?" எண்ணெயைத் துடைச்சுக்கிட்டே சொன்னார், "அவங்க வந்து நின்னு எடுக்கறாங்க." அதுக்கு நான் வாதாடலாம். அவங்க எடுத்ததையும் யாராவது வெட்டி மீம் போடலாம். ஆனா அவர் அதுக்கு மேல பேசல, நானும் பேசல.

இப்போ ஸ்டுடியோவுல ஒரு ஃபாரம் இருக்கு, ஒரே பக்கம், தமிழ்ல. பதிவு யாருக்குச் சொந்தம், ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்கு இதுலேருந்து ஏதாவது போடலாமா கூடாதா, போடலாம்னா எது, எங்கே. எருதுப் பாட்டுப் பசங்க படிக்காமலே "போடுங்கக்கா, எல்லாத்துலயும் போடுங்க"ன்னு கையெழுத்துப் போடுவாங்க. இன்ஸ்டா பக்கத்துல பேரைத் தமிழ்ல மாத்திட்டேன். ஃபாலோயர்ல பாதி போயிடுச்சு. அத்தை வளையல் இன்னும் பேங்க்லதான் இருக்கு. மாமா கம்பெனி வேலையை இன்னும் விடல. எனக்கு பிளேஸ்மென்ட் வந்திருக்கு, பெங்களூர்ல. சனி ஞாயிறு ரயில்ல வந்துடலாம்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன். அவர் "பாப்போம்"னார்.

போன மாசம் வாத்தியார் வந்தார், மேலேயே வந்தார். விட்டுப்போன ரெண்டு பாடம் பாக்கி. பேரனும் கூட வந்திருந்தான், நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு, யூனிஃபார்மோட. ஏழு மணி ரயில் போற வரைக்கும் காத்திருந்து ஆரம்பிச்சோம். முடிச்சதும் பெண்டிரைவ் குடுத்தேன், ரசீது எழுதினேன், ஃபாரத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சார். விளம்பரத்துக்குப் போடலாமாங்கற இடத்துல "கூடாது"ன்னு எழுதினார். அப்புறம் பேனாவைக் கீழே வைக்காம, மேலே நான் டைப் பண்ணியிருந்த "உறிமையாளர்"ல றகரத்தை அடிச்சுட்டு ரகரம் போட்டுக் குடுத்தார்.